குறுகிக்கொண்டே போன மஃப்ளர்

என் சித்தப்பாவுக்கு மனிதர்கள் பின்னந்தலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்பவரை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. அவர் கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்து, "அட, நம்ம ரெட்டைச் சுழிக்காரரு!" என்பார். அதற்குள் அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

"முகம் கண்ணாடியிலதானே இருக்கு? என் கையில இருக்கறது தலை" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

அவருடைய முடிவெட்டும் கடை பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கும் கம்பளி நூல் விற்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இரண்டு நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலி சித்தப்பாவுடையது. உள்ளே தள்ளிப் போட்டிருப்பது பங்காளியுடையது. பங்காளி எங்களுக்குச் சொந்தமில்லை. கடையில் சரிபாதி பங்கு இருப்பதால் வந்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊர்த் தலையெல்லாம் வெட்டினாலும் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாத தொழில் அது. ஆகவே வார விடுமுறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். வேறு கடைக்காரன் கை தங்கள் தலையில் படுவது இருவருக்குமே பிடிக்காது. இந்த விஷயத்தில் இருவரும் புருஷன் பெண்டாட்டியைவிடக் கண்டிப்பு.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் சித்தப்பா கடைக்குள்ளேயே வழுக்கி விழுந்தார். ஈரத் தரையில் பெருக்காமல் விட்ட முடி. அது யார் வெட்டிய முடி என்பதில் இன்றுவரை தகராறு ஓயவில்லை. "உன் நாற்காலிக்குக் கீழ கிடந்தது" என்பார் சித்தப்பா. "சுருட்டை முடிண்ணே அது. அன்னிக்குச் சுருட்டைத் தலை வந்தது உங்ககிட்டதான்" என்பார் பங்காளி. எப்படியோ, வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் பிரித்தபோது நானும் கூடப் போயிருந்தேன். வேலை காரணமாக நான் சித்தப்பா வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருக்கிறேன். மருத்துவமனைக்குத் துணை, மருந்துக்கடைக்கு ஆள் எல்லாம் நான்தான். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கை யாரோ ஒருவருடையது போல வெளுத்து, மெலிந்து, எதையோ பொத்திப் பிடித்திருப்பதுபோல் மடங்கியே இருந்தது. விரல்கள் மடங்கின. விரியத்தான் மாட்டேன் என்றன. கத்திரியை மூடுவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை, திறப்பதற்குத்தான் கட்டைவிரல் வேண்டும் என்று சித்தப்பா அன்று டாக்டரிடம் சொன்னார்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் ஓயாம அசையணும். ஏதாவது கைவேலை செய்யுங்க. அடுத்த தடவை வரும்போது கை இப்படியே இருந்தா, இல்ல இன்னும் இறுகியிருந்தா, ஆபரேஷன் பண்ணித் திறந்துதான் பாக்கணும்."

"திறந்து பாத்த பிறகு கத்திரி பிடிக்கலாமா?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லை வீடு வந்து சேரும்வரை சித்தப்பா வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தார்.

அமுக்கிப் பழகச் சொல்லி அவர்கள் கொடுத்த ரப்பர் பந்து இரண்டாம் நாளே கட்டிலுக்கடியில் போய்விட்டது. எடுக்க யாரும் குனியவில்லை. பக்கத்து நூல்கடை அக்காதான் ஒரு வழி சொன்னார். குரோஷா ஊசி என்றால் சன்னமாக இருக்கும், மேஜை விரிப்புக்குப் பூப்போடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா எடுத்துக் காட்டியது கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு மர ஊசி. நுனியில் ஒரு கொக்கி. நூலும் அதற்கேற்ற மொத்தம்.

"குளிருக்கு ஒரு மஃப்ளர் போடுங்க. பெரிய ஊசி, பெரிய நூல், கைக்குக் கஷ்டம் தெரியாது. வெளிர் நிறமா எடுத்துக்குங்க. அப்பத்தான் நூல் வளையம், அதான் கண்ணி, தெரியும்."

சித்தப்பா அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கருப்பைக் கேட்டார்.

"கருப்பு வேண்டாம் சார். முதல் தடவை. கண்ணு தெரியாம திண்டாடுவீங்க."

"இத்தனை வருஷமா கருப்போடதானம்மா என் பொழப்பு. வெள்ளையைப் பாத்தா சாயம் போடத்தான் கை போகும்."

அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். ஆரம்பச் சங்கிலி. பிறகு திரும்பி, ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி, உள்ளே இழுத்து, மறுபடி இழுத்து. வரிசை முடிந்ததும் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசை. "வரிசைக்கு வரிசை எண்ணிக்குங்க" என்றார்.

"எண்ணியா? நான் கண்ணால அளந்து வெட்டுறவன். தலையில போய் முடியை எண்ணிக்கிட்டு இருந்தா எப்ப வெட்டறது?"

"சரி, எண்ண வேண்டாம். ஆனா இறுக்கிப் பிடிக்காதீங்க. கை இறுகினா அகலம் குறைஞ்சுடும்."

போகிற போக்கில் சொன்னதுதான். பிறகு அந்த ஒரு வாக்கியம் சித்தப்பாவின் உயிரை வாங்கியது.

மஃப்ளர் சித்திக்கு என்று முடிவாயிற்று. சித்தி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது காலைக் காற்று நேராக வந்து அவர் கழுத்தைத்தான் பிடிக்கும். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க கையால எனக்குன்னு ஒண்ணு வருது. கையை உடைச்சுக்கிட்டுத்தான் வரணும்னு இருந்திருக்கு" என்றார்.

சித்தப்பா தினமும் கடைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து பின்னினார். வேலை முழுவதும் பங்காளி தலையில். வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? முன்பக்கம் முழுக்க வழுக்கையான தபால்காரர் ஒருநாள் கேட்டார்: "என்ன மாஸ்டர், வெட்டி வெட்டி அலுத்துப்போய் ஒட்ட வைக்க ஆரம்பிச்சுட்டீங்களா? எனக்கும் முன்னால ரெண்டு வரிசை போட்டு விடுங்களேன்."

"உங்களுக்கு மஃப்ளர் பத்தாது. ஸ்வெட்டராத்தான் போடணும்."

கடையே சிரித்தது. முதல் வாரங்களில் சித்தப்பாவும் சிரித்தார். இரவுச் சாப்பாட்டின்போது அன்று போட்ட அளவைப் பிடித்துக் காட்டுவார். மஃப்ளர் தடிமனாக, கொஞ்சம் விறைப்பாக, வாசலில் போடும் மிதியடி மாதிரி இருந்தது. ஆனால் மஃப்ளர்தான்.

பிறகு காட்டுவதை நிறுத்தினார். சித்தி கேட்டால், பையிலிருந்து ஆரம்ப முனையை மட்டும் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே தள்ளிவிடுவார். சித்தி அடுப்பைப் பார்த்தபடியே, "ம், நல்லாருக்கு" என்பார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. பின்னுகிறவர்கள் புதிதாகப் போட்ட பக்கத்தைத்தானே காட்டுவார்கள்?

ஒருநாள் அவர் கடையில் பின்னிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பார்த்துவிட்டேன். தொடங்கிய இடத்தில் இரண்டு கை அகலமிருந்த மஃப்ளர், மடியில் இறங்கி வரவரக் குறுகி, ஊசி இருந்த இடத்தில் நான்கு விரல் அகலத்தில் நின்றது. கை இறுகினால் அகலம் குறையும். அக்கா சொன்னது எனக்கும் ஞாபகம் வந்தது. அவர் ஏன் நூல்கடைப் பக்கமே இப்போது போவதில்லை என்பதும் புரிந்தது. கேட்டால் அக்கா பதில் சொல்லிவிடுவார்.

காலைகளில் அவர் சமையலறை ஜன்னலில் கையை விரித்து வைத்துப் பார்ப்பார். குளிரில் ஆவி படிந்திருக்கும் கண்ணாடியில் உள்ளங்கையின் அச்சு விழும். நடுவில் தொடாத இடம் கொஞ்சம் வெள்ளையாக மிஞ்சும். நேற்றைவிட அது பெரிதா சிறிதா என்று அவருக்கும் தெரியாது, ஓரமாக நின்று பார்த்த எனக்கும் தெரியாது. சித்தியின் காலடி கேட்டதும் சட்டைக் கையால் துடைத்துவிடுவார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கடைக்கு விடுமுறை. கண்ணாடிகளைக் கழுவித் துடைப்பதென்று ஏற்பாடு. பங்காளி ஏணியில் நின்றார். அவர் தலைமுடி அதற்குள் பிடரியை மறைத்து வளர்ந்து, ஒரு ரப்பர் பேண்டில் குட்டி முடிச்சாகத் துருத்திக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் எவ்வளவோ கேலி செய்தும் அவர் வேறு கடைக்குப் போகவில்லை. "அண்ணன் கை சரியாகட்டும்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். துவைத்த துணியெல்லாம் கொடியில் காய, வாடிக்கையாளர்களுக்குப் போர்த்தும் வெள்ளைத் துணி ஒன்று மட்டும் ஜன்னலோர நாற்காலிமேல் விரித்துக் கிடந்தது.

பேருந்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு சித்தி உள்ளே வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"என்ன காத்து, என்ன காத்து! எங்கங்க அந்த மஃப்ளரு? முடியாட்டியும் பரவாயில்ல, குடுங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சுத்திக்கிறேன்."

"இன்னும் ஆகல" என்று சித்தப்பா எழுவதற்குள் சித்தி பைக்குள் கையை விட்டு இழுத்துவிட்டார். மஃப்ளர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அகலமாக ஆரம்பித்து, சிறுத்து, கடைசியில் ஊசியோடு கையில் தொங்கியது.

"என்னங்க இது? அந்தப் பக்கம் மஃப்ளரு, இந்தப் பக்கம் டையா?"

ஏணியிலிருந்து பங்காளி கடகடவென்று சிரித்தார். சித்தப்பா முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சிரிங்க. என் கை சுருங்கிட்டே போகுதுன்னு அது சொல்லுது. நாளைக்கு டாக்டரம்மாவும் அதையே சொல்லப்போறாங்க. நீங்களும் ஒரு தடவ சிரிச்சுக்குங்க."

ஏணியில் மாட்டியிருந்த ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சித்தி காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"எப்பத்திலேருந்து?"

"பாதியிலேருந்து. ஆரம்பத்துல நல்லாத்தான் வந்தது. நூல்கடைக்காரம்மா அன்னிக்கே சொன்னாங்க, கை இறுகினா அகலம் குறையும்னு. வரிசைக்கு வரிசை குறையுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடும்."

சித்தி மடியிலிருந்த மஃப்ளரைத் தடவிக் கொடுத்தார். பிறகு எழுந்து, அதை ஜன்னலோர நாற்காலியில், அந்த வெள்ளைத் துணிமேல் நீளமாக வைத்துவிட்டு, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

சித்தப்பா அதைச் சுருட்டி எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மடியில், கருப்புக் கால்சட்டை மேல், கருப்புப் பைக்குள் இத்தனை நாளாகக் கிடந்த மஃப்ளர் முதல் முறையாக வெள்ளைமேல் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது.

"டேய், லைட்டப் போடு."

போட்டேன். சித்தப்பா முழங்காலை மடக்கி, விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். ஒரு தலையை வெட்டி முடித்துவிட்டுக் காதுக்கு மேலே இரு பக்கமும் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதைப் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

"பங்காளி, இங்க வா. இது சரிவா, படியா?"

கத்திரி ஒழுங்காக ஓடாமல் முடி மேடும் பள்ளமுமாக விழுந்தால் அவர்கள் பாஷையில் அது படி. பங்காளி இறங்கி வந்து பார்த்தார்.

"படிதாண்ணே. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன் வெட்டின மாதிரி இருக்கு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அந்தப் பக்கமும் இருக்கு."

"கை கொஞ்சங்கொஞ்சமா இறுகியிருந்தா சரிவாத்தானே வரணும்? படி எப்படி விழும்?"

கண்ணாடி முன்னாலிருந்த அகலப் பல் சீப்பை எடுத்தார். தொடங்கிய இடத்தில் ஒரு கண்ணியின் மேல் வைத்தார். கண்ணி சீப்பின் இரண்டு பல்லுக்குள் அடங்கியது. சீப்பை அப்படியே கடைசி வரிசைக்குக் கொண்டு போனார். அங்கே ஒரு கண்ணி மூன்று பல்லைத் தாண்டி நின்றது. மறுபடி தொடக்கத்தில் வைத்தார். மறுபடி கடைசியில் வைத்தார். கண்ணை நம்பாமல் சீப்பைச் சித்தியிடம் கொடுத்து, "நீ வெச்சுப் பாரு" என்றார்.

"மூணு பல்லுங்க. என்னங்க அர்த்தம்?"

சித்தப்பா சீப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "அக்காவக் கூப்பிடு" என்றார்.

நூல்கடை அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்தார். மஃப்ளரை ஒரு முறை பார்த்தார். விளிம்பில் ஒரு இடத்தை நகத்தால் நெம்பினார். உள்ளே மடங்கிக் கிடந்த ஒரு கண்ணி மெதுவாகத் தலையை வெளியே நீட்டியது.

"இந்தா, இதுதான். கடைசிக் கண்ணி. ஓரத்துல சுருண்டு உள்ள போயிடும். அது இருக்குன்னே தெரியாம நீங்க திரும்பியிருக்கீங்க. இந்த வரிசையில ஒண்ணு, மூணு வரிசை தள்ளி ஒண்ணுன்னு விட்டுக்கிட்டே வந்தா எப்படி அகலம் நிக்கும்? புதுசா போடுற எல்லாரும் பண்றதுதான். கருப்பு வேண்டாம்னு சொன்னேன், கேட்டீங்களா? எண்ணுங்கன்னு சொன்னேன், அதையாவது கேட்டீங்களா?"

"அப்ப என் கை?"

"கைக்கு என்ன? ஆரம்பிச்ச இடத்துல பாருங்க, எவ்ளோ இறுக்கம், ஊசியே நுழையாது." அக்கா கடைசி வரிசையில் தன் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். "இங்க விரலே போகுது. கை தளர்ந்துக்கிட்டுதான் வருது சார்."

சித்தப்பா ஜன்னலோர நாற்காலியில் மஃப்ளரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அவர் எதிரே நன்றாகத் துடைத்த கண்ணாடியில் எங்கள் எல்லோர் முகமும் தெரிந்தது. எல்லா முகமும் ஒரேமாதிரிதான் இருந்தது.

சித்திக்குப் பழைய வாய் இப்போதுதான் திரும்பியது. "ஒரு கண்ணிய விட்டுட்டு, இத்தனை நாளா வீட்டையே சாவு வீடாக்கி வெச்சிருந்தீங்களா? அக்காகூட ஏதோ சண்டை போட்டுட்டீங்கன்னு நினைச்சு நான் ஒருநாள் போய் மன்னிப்புக்கூடக் கேட்டுட்டு வந்தேன்!"

"ஆமா, கேட்டாங்க" என்றார் அக்கா. "எதுக்குன்னு தெரியாமலே பரவாயில்லன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் டாக்டரம்மா மேஜைமேல் கையை விரிக்கச் சொன்னார். முழுசாக விரியவில்லை. நடுவில் ஒரு பேனா உருண்டு போகுமளவு இடைவெளி இருந்தது. கட்டைவிரல் மட்டும் தனியாக விலகி, தயக்கமில்லாமல் நின்றது. டாக்டரம்மா அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். "நாங்க எதையும் திறக்க வேண்டாம். கை தானாவே திறந்துக்குது. என்ன பயிற்சி பண்ணினீங்க?" என்றார். சித்தப்பா பையிலிருந்து மஃப்ளரை எடுத்து மேஜைமேல் நீட்டினார். டாக்டரம்மா அதை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் அதை அவிழ்த்தார்கள். குரோஷாவில் உயிர் ஒரே ஒரு கண்ணியில்தான் இருக்கிறது. ஊசியை எடுத்துவிட்டு நூல் முனையை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். சித்தப்பா கூடத்தின் ஒரு பக்கம் நின்று இழுக்க, சித்தி மறு பக்கம் உட்கார்ந்து உருட்டினார். வாரக்கணக்கில் அவரைத் தூங்கவிடாத வரிசைகள் சரசரவென்று கழன்றோடின. குறுகின பக்கம் முதலில் போனது. ஆரம்ப வரிசைகளின் இறுக்கத்தில் நூல் அங்கங்கே சிக்கியபோது மட்டும் சித்தப்பா நிறுத்தி, நகத்தால் நெம்பிவிட்டு, மறுபடி இழுத்தார்.

"பாத்து இழுங்க, என் கழுத்து அது" என்றார் சித்தி.

இரண்டாவது மஃப்ளரும் கருப்புதான். ஆனால் மடியில் வெள்ளைத் துணி. ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியிலும், நீள முடியை ஒதுக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் திரும்பினார். விளிம்பு நெடுகக் கிளிப்புகள் தொங்க அது வளர்ந்தது. சித்தி அதைப் போட்டுக்கொண்டு பேருந்து ஓட்டிய முதல் நாள், எடுக்க மறந்த இரண்டு கிளிப்புகளோடு போய் வந்தார். பிள்ளைகள் அது ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அதற்கு அடுத்த விடுமுறையில் ஷட்டர் பாதி இறங்கியது. பங்காளி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பேண்டை உருவினார். சித்தப்பா வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்தில் கட்டி, கத்திரியை விரலில் மாட்டினார். வெறுங்காற்றில் ஒருமுறை திறந்தார். மூடினார். திறந்தார். பிறகு வெட்ட ஆரம்பித்தார்.

நேரம் பிடித்தது. நடுநடுவே கையை உதறிக்கொண்டார். பங்காளி கண்ணை மூடிக்கொண்டு, வலிக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்தார். முடி கொத்துக் கொத்தாகத் துணிமேல் விழ, சித்தி துடைப்பத்தோடு காத்திருந்து, விழ விழப் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் சித்தப்பா கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். பங்காளி இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் திரும்பி, காதுக்கு மேலே நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணே."

"என்னடா?"

"இங்க ஒரு கண்ணிய விட்டுட்டீங்க."

சித்தப்பா சீப்பால் அவர் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கத்திரியை மறுபடி திறந்தார்.